காற்று பார்த்துக் கிளம்புங்கள்: கடலோர நாடுகளில் நீண்ட பயணம்
வாசகர் கேள்வி – பதில்

தம்பதியாக மாதக்கணக்கில் வெளிநாட்டுக் கடற்கரைகளில் தங்கிவர நினைக்கும் சேலம், ஏற்காடு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்றுவிட்டோம். பிப்ரவரி முதல் ஜூன் வரை ஐந்து மாதம் சுற்ற ஆசை. பாலித் தீவில் தொடங்கி, மலேசியாவின் கிழக்குக் கரை, வியட்நாம், இலங்கை என்று போய், ஜூனில் தாய்லாந்தின் புக்கெட்டில் முடிக்கலாம் என்று வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறோம். சரியா?
– அஸ்தம்பட்டி வாசகர்

ஊர்கள் சரி, வரிசைதான் மாற வேண்டும். இந்த வரிசையில் போனால் மழை எங்கே பெய்கிறதோ அங்கேயே போய் நிற்பீர்கள்.

வெப்பமண்டலக் கடற்கரைகளை நாட்டின் பெயரை வைத்துத் திட்டமிடக் கூடாது. எந்தக் காற்று எந்தக் கரையில் மோதுகிறது என்பதுதான் கணக்கு. நம் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்ததே: தென்மேற்குப் பருவத்தில் கேரளம் நனையும்போது சென்னையில் வெயில் கொளுத்தும், ஐப்பசி, கார்த்திகையில் சென்னை மிதக்கும். இதே விளையாட்டு அங்கும் உண்டு. தாய்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் புக்கெட், கிராபி, லந்தா தீவு எல்லாம் அந்தமான் கடலைப் பார்த்தவை. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று நேராக வந்து அடிக்கும். கரையில் சிவப்புக் கொடி பறக்கும், சில தீவுப் படகுகள் ஓடாது. கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் சமூயி தீவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹெந்தியன், ரெடாங் ஆகியவை வடகிழக்குப் பருவத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிட்டத்தட்ட மூடியே கிடக்கும். பாலியில் நவம்பர் முதல் மார்ச் வரை மழை, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறட்சி. இலங்கையே இரண்டாகப் பிரியும்: காலி, மிரிஸ்ஸ, வெலிகம இருக்கும் தென்மேற்குக் கரைக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம், திருகோணமலை, அறுகம்பை இருக்கும் கிழக்குக்கு மே முதல் செப்டம்பர் வரை. நடு வியட்நாமின் டா நாங், ஹோய் ஆன் பகுதியில் அக்டோபர், நவம்பரில் வெள்ளமே வரும். பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை தெளிவான வானம்.

இதன்படி பிப்ரவரியில் இலங்கையின் தென்கரை, மார்ச்சில் கிராபியும் லந்தாவும், ஏப்ரலில் நடு வியட்நாம், மே மாதம் பெர்ஹெந்தியன், ஜூனில் பாலியும் அதன் பக்கத்துத் தீவான லொம்பொக்கும் என்று மாற்றுங்கள். ஐந்து மாதமும் கரை உங்களுக்குத் திறந்திருக்கும். பாலிக்கு ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் வாடகையும் ஏறும் என்பதால் ஜூன் அந்த வகையிலும் நல்லது.

விழாக்களையும் கணக்கில் வையுங்கள். தாய்லாந்தின் சொங்க்ரான் நம் சித்திரைப் புத்தாண்டையொட்டி ஏப்ரல் 13 முதல் 15 வரை. அந்த வாரம் பஸ், ரயில் எதிலும் இடம் கிடைப்பது அரிது. பாலியில் மார்ச் வாக்கில் வரும் நியெபி என்ற மௌன நாளன்று விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்படும், யாரும் தெருவில் இறங்க முடியாது. ரமலான் மாதத்தில் மலேசியாவின் கிளந்தான், திரங்கானு மாநிலங்கள் பக்கம் பகலில் பெரும்பாலான உணவகங்கள் திறக்காது.

சேலத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இந்தச் சுற்றுக்குத் திருச்சிதான் வசதி. சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து உள்நாட்டு விமானம் மட்டுமே. திருச்சி சுமார் 140 கிலோமீட்டர். கொழும்புக்கும் கோலாலம்பூருக்கும் அங்கிருந்து நேரடி விமானம் உண்டு. கொழும்பு வழியாகப் போய், பாலியிலிருந்து கோலாலம்பூர் வழியாகத் திரும்பலாம். இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் ஒன்று கவனியுங்கள்: பெட்டி தானாக அடுத்த விமானத்துக்கு மாறாது. குடியேற்றத்தில் முத்திரை வாங்கி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. நடுவில் குறைந்தது ஐந்து மணி நேரம் விடுங்கள்; ஓர் இரவு தங்கிவிட்டால் இன்னும் நிம்மதி.

30 நாள் விசா என்றால் எந்த நாளிலிருந்து எண்ணுவது?
– ஆத்தூர் வாசகி

இறங்கிய நாளே முதல் நாள். ஜூன் 1 இரவு 11 மணிக்கு பாலியில் முத்திரை குத்தினாலும் ஜூன் 30க்குள் வெளியேற வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது நள்ளிரவு விமானத்தில்தான்: 30ஆம் தேதி இரவு கிளம்புவதாக மனதில் இருக்கும், டிக்கெட்டில் நேரம் 1ஆம் தேதி 12.20 என்று இருக்கும். இந்தோனேசியாவில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு 10 லட்சம் ரூப்பியா அபராதம். தாய்லாந்தில் நாளுக்கு 500 பாட்.

இந்தோனேசியாவில் வந்திறங்கி வாங்கும் விசாவுக்கு 5 லட்சம் ரூப்பியா. 30 நாள், ஒருமுறை மட்டும் இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். பாலிக்குத் தனியாகத் தலைக்கு ஒன்றரை லட்சம் ரூப்பியா சுற்றுலா வரி 2024 முதல் இருக்கிறது. வியட்நாமின் மின்விசா 90 நாள் வரை கிடைக்கும்; ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். மலேசியா இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் விசா இல்லாமல் அனுமதி தந்திருக்கிறது. இந்த விதிகள் அடிக்கடி மாறும். டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் நாளில் அந்த நாட்டுக் குடியேற்றத் துறையின் தளத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் மூன்றுக்கும் வருகை அட்டையைப் போவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.

பாஸ்போர்ட் கடைசி நாட்டில் நுழையும் தேதியிலிருந்து இன்னும் ஆறு மாதம் செல்ல வேண்டும். முதல் நாட்டை வைத்துக் கணக்கிட்டு நான்காவது நாட்டில் தடுக்கப்படுகிறவர்கள் உண்டு.

என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், சர்நேம் காலி. மனைவிக்கு என் பெயர் சர்நேமாக இருக்கிறது. டிக்கெட் போடும்போது சர்நேம் இல்லாமல் தளம் நகர மறுக்கிறது.
– ஓமலூர் வாசகர்

இனிஷியலோடு வாழ்கிற நமக்கே உரிய சிக்கல் இது. சர்நேம் காலியாக இருந்தால் என்ன போட வேண்டும் என்பதை ஒவ்வொரு விமான நிறுவனமும் தனித்தனியாகச் சொல்கிறது. சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், சிலர் வேறு குறியீடு தருவார்கள். அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் பார்த்து அப்படியே போடுங்கள். அப்பா பெயரை நீங்களாகச் சேர்க்காதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் இல்லாத பெயர் டிக்கெட்டில் இருந்தால் கவுன்டரில் நிறுத்துவார்கள். மின்விசா விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டின் கீழே இரண்டு வரியாக அச்சாகியிருக்கும் எழுத்துகளோடு ஒப்பிட்டு நிரப்புங்கள்.

ஐக்கிய அரபு அமீரகம் வழியாக மொரீஷியஸ், செஷல்ஸ் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2022 நவம்பர் முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அங்கே சுற்றுலா விசா கிடைப்பதில்லை. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் அல்லது குடும்பப் பெயர் இருந்தால் ஏற்கிறார்கள். நீண்ட பயணங்கள் இனியும் தொடரும் என்றால் பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து சர்நேம் சேர்த்துவிடுவதே நல்லது. 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. மாதக்கணக்கில் சுற்றுகிறவர்கள் 60 பக்கமே வாங்குங்கள்.

அங்கே ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துச் சுற்றலாமா? ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஓட்டிப் பழகிய கை.
– ஏற்காடு எஸ்டேட் வாசகர்

ஓட்டும் திறமையில் சந்தேகமில்லை. காகிதம்தான் காலை வாரும். நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கையின் கீழ் வருவது. கட்டணம் 1,000 ரூபாய், செல்லுபடி ஓராண்டு. உங்கள் லைசென்ஸில் இருசக்கர வாகனப் பிரிவு இருந்தால்தான் அதிலும் அந்தப் பிரிவில் முத்திரை விழும். கார் லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே ஸ்கூட்டர் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கொள்வார்கள். தாய்லாந்து 1949 உடன்படிக்கையை ஏற்கிறது. வியட்நாம் 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையை மட்டும் ஏற்கிறது; இந்தியா அதில் இல்லை. எனவே நம் அனுமதி வியட்நாமில் செல்லாது. கடைக்காரர் வண்டியைக் கொடுத்துவிடுவார், போலீஸும் பல நாள் நிறுத்தாது. விபத்து நடந்த அன்றுதான் காப்பீட்டு நிறுவனம் லைசென்ஸைக் கேட்கும், கோரிக்கையைத் தள்ளும். வியட்நாமில் டிரைவரோடு கார் அல்லது மொபைல் ஆப் வழியாக பைக் டாக்ஸி எடுங்கள். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும் என்பதால் தெருவைக் கடக்கும்போதுகூட நம் பழக்கம் தவறான பக்கம் பார்க்க வைக்கும்.

வண்டி எடுக்கும்போது பாஸ்போர்ட்டைப் பிணையாகக் கொடுக்காதீர்கள். நகலும் முன்பணமும் கொடுங்கள். ஏறுவதற்கு முன் எல்லாக் கீறலையும் வீடியோ எடுங்கள், பிரேக் லைட்டை ஒருவர் அழுத்த இன்னொருவர் பாருங்கள். பின்னால் உட்காருபவர் இடப்பக்கமாக இறங்கட்டும்; வலப்பக்கம் சைலன்சர், கெண்டைக்காலில் சூடு வாங்குவது மிகச் சாதாரணம். ஈரக்காற்றில் அந்தப் புண் ஆற நாளாகும்.

இருவருக்குமே கிணற்று நீச்சல் நன்றாக வரும். கடலில் இறங்க அது போதுமா?
– மேட்டூர் வாசகி

மிதப்பதற்குப் போதும், உப்புநீர் உங்களை இன்னும் எளிதாகத் தாங்கும். ஆனால் கிணற்று நீர் ஓடாது, கடல்நீர் ஓடும். கரைக்கு வந்த அலைநீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். அது ஒரு குறுகிய பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாயும். கரையில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும், நடுவில் ஓரிடம் மட்டும் அலை உடையாமல் அமைதியாக, சற்று இருண்டு தெரியும். குளிக்க வருகிறவர்கள் அந்த அமைதியான இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இழுப்பு இருப்பதும் அங்கேதான். இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். சில நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அலை உடையும் இடத்துக்கு வாருங்கள், அந்த அலையே கரைக்குத் தள்ளும். அதற்கும் முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். சிவப்பும் மஞ்சளுமான இரட்டைக் கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள். பாலியின் குட்டா, புக்கெட்டின் கரோன் கடற்கரைகளில் இந்த இழுப்பு வலுவானது.

தாய்லாந்து வளைகுடாவில் பெட்டி ஜெல்லி மீன் உண்டு, கொட்டினால் உயிருக்கே ஆபத்து. சமூயி, பங்கன் தீவுகளின் கரைகளில் கம்பத்தில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். கொட்டிய இடத்தில் குறைந்தது அரை நிமிடம் வினிகர் ஊற்றுங்கள். தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனை. முழுக்கை நீச்சல் சட்டையும் முழுநீளக் கால்சட்டையும் போட்டால் பாதி ஆபத்து விலகும், வெயிலும் தாங்கும். தாய்லாந்தின் கடல் தேசியப் பூங்காக்களில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த சன்ஸ்கிரீனுக்கு 2021 முதல் தடை. பவளத்தைக் கெடுக்கிறது என்பதால். ட்யூபின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்.

நீருக்கடி முகமூடி வாங்கினால் வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்துப் பாருங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் சரியான அளவு. மீசை உள்ளவர்களுக்கு மேல் உதட்டருகே நீர் கசியும். அந்த இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவினால் நிற்கும்.

சிலிண்டர் கட்டி ஸ்கூபா இறங்கினால், ஒருமுறை இறங்கியதற்குப் பின் 12 மணி நேரமும், பலமுறை இறங்கியதற்குப் பின் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற வேண்டும். அழுத்தம் சட்டென்று குறைந்தால் அது குமிழாகிவிடும். மலையேறுவதும் இதே கணக்குதான், இதைப் பலர் நினைப்பதில்லை. திருகோணமலையில் காலையில் முழுகிவிட்டு மாலையே 1,868 மீட்டர் உயரமுள்ள நுவரெலியாவுக்குக் கார் ஏறாதீர்கள். அது ஏற்காட்டைவிட உயரம்.

எனக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறேன். நாலைந்து மாதத்துக்கு எப்படி எடுத்துப்போவது?
– சூரமங்கலம் வாசகி

முழுதும் கைப்பையில். சரக்குப் பகுதியில் போடும் பெட்டியில் இன்சுலின் உறைந்துபோகலாம், பெட்டியே காணாமலும் போகலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது, எறிந்துவிட வேண்டும். ஓட்டல் அறையின் குட்டி ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டும் தட்டுக்கு அருகே வைப்பதும் இதே கதிதான், கதவுப் பக்கம் வையுங்கள். பிரிக்காததற்கு 2 முதல் 8 டிகிரி. பயன்பாட்டில் உள்ள பேனா பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் தாங்கும். உங்கள் மருந்தின் துண்டுச்சீட்டில் சரியான நாள் இருக்கும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைக்கவே கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத தீவுக் குடிசையில், நனைத்துவிட்டால் ஆவியாகிக் குளிர வைக்கும் துணிப் பை உதவும்.

டாக்டர் கடிதத்தில் மருந்தின் மூலப்பெயர், அளவு, ஊசி எடுத்துவரும் காரணம் மூன்றும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடாதீர்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால், அல்பிரசோலம் போன்றவை பல நாடுகளில் கட்டுப்பாட்டுக்குரியவை. கடிதம் இல்லாமல் வேண்டாம். நேர வித்தியாசம் தாய்லாந்து, வியட்நாமுக்கு ஒன்றரை மணி, மலேசியா, பாலிக்கு இரண்டரை மணி. ஊசி நேரத்தை எப்படி நகர்த்துவது என்று கிளம்பும் முன் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். பவளப்பாறையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சர்க்கரை உள்ள காலில் பவளக் கீறல் வலிக்காமலே சீழ் பிடிக்கும்.

காப்பீடு: ஆண்டு முழுதும் பலமுறை போகலாம் என்று விற்கும் பாலிசிகளில் ஒரு பயணத்துக்கு 30, 45 அல்லது 60 நாள் வரம்பு இருக்கும். ஐந்து மாதப் பயணத்தில் பாதிக்கு மேல் காப்பீடே இல்லாமல் போய்விடும். ஒரே நீண்ட பயணத்துக்கான பாலிசி வாங்கி, ஏற்கெனவே உள்ள நோய் என்ற பகுதியில் சர்க்கரையைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று படியுங்கள்.

சைவம். சாப்பாட்டுக்கு என்ன வழி? மசாலாப் பொடிகள் எடுத்துப்போகலாமா?
– செவ்வாய்ப்பேட்டை வாசகி

"கறி வேண்டாம்" என்றால் அங்கே மாமிசம் மட்டும் போகும். மீன் சாறு போகாது. தாய்லாந்தில் "நம் பிளா" என்ற மீன் சாறும் கப்பி என்ற இறால் விழுதும், மலேசியாவில் பெலாச்சான், இந்தோனேசியாவில் தெராசி என்ற இறால் விழுதும் காய்கறிப் பொரியலில்கூட இருக்கும். தாய்லாந்தில் முழுச் சைவத்துக்கு "ஜே" என்று சொல்லுங்கள். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து உள்ளவை ஜே கடைகள், அங்கே பூண்டு வெங்காயம்கூட இருக்காது. வியட்நாமில் "சாய்" என்று எழுதிய கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. மலேசியாவில் கவலையில்லை, வாழையிலைச் சாப்பாடே கிடைக்கும்.

குருமாப் பொடியில் கசகசா இருக்கிறதா பாருங்கள். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் கசகசா போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது, விமானம் மாறுவதற்காக இறங்கினாலும் சிக்கல். கொப்பரைத் தேங்காய் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் பெட்டியில் ஏற்ற மாட்டார்கள். வெற்றிலையோடு போடும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் தடை. சிறிய ரைஸ் குக்கர் கொண்டுபோனால் மின்னழுத்தம் எல்லா நாட்டிலும் 220 முதல் 240 வரை, சிக்கலில்லை; ஆனால் நம் மூன்று உருண்டைக் கால் பிளக் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நுழையாது, அங்கே மூன்று பட்டைக் கால். குக்கரின் ஆம்பியரைத் தாங்கும் அடாப்டர் வேண்டும். போன் சார்ஜருக்கான மெல்லிய அடாப்டர் உருகிவிடும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும், 100 வாட்-மணிக்குள்; அதாவது சுமார் 27,000 எம்.ஏ.எச்.

பணம், பென்ஷன், ஓ.டி.பி.?
– ஸ்டீல் பிளான்ட் ஓய்வூழியர்

ரொக்கமாக ஒருவர் 3,000 டாலர் வரை கொண்டுபோகலாம். பேனாக் கிறுக்கலோ கிழிசலோ இல்லாத நோட்டு கேட்டு வாங்குங்கள். தாய்லாந்து ஏ.டி.எம்.மில் ஒவ்வொரு முறைக்கும் 220 பாட் அளவில் பிடிப்பார்கள் என்பதால் சிறுகச் சிறுக எடுக்காதீர்கள். "ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா" என்று இயந்திரம் கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணம். ரூபாயைத் தொட்டால் அவர்கள் விகிதம், உங்களுக்கு நஷ்டம். வங்கியில் கொடுத்த சிம்முக்கு சர்வதேச ரோமிங்கை இங்கே இருக்கும்போதே திறந்து, கடைசி மாதம் வரை ரீசார்ஜ் செய்துவிடுங்கள். வங்கிக் குறுஞ்செய்தி வந்துசேர டேட்டா தேவையில்லை. பி.எஃப். பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்று கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். கிளம்பும் மாதமே கொடுத்துவிட்டால் நடுவில் நிற்காது.

மனைவி அணிந்துபோகும் தாலிச் சங்கிலி, வளையல்களுக்குப் புறப்படும் விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். திரும்பும்போது அங்கே வாங்கிய நகை என்று வரி கேட்டால் காட்ட அதுதான் ஆதாரம். ரசீதும் எடை போட்ட தாளும் கையோடு இருக்கட்டும்.

மலேசியாவிலிருந்து மங்குஸ்தான், ரம்புட்டான் நாற்று இரண்டு எடுத்துவந்து காபித் தோட்டத்தில் வைக்க ஆசை. பெட்டிக்குள் சுருட்டி வைத்தால் தெரியாது என்கிறார்கள்.
– நாகலூர் வாசகர்

வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறோம். 2003ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் நாற்றோ விதையோ கொண்டுவர முடியாது. சட்டத்தைவிடப் பெரிய காரணம் உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. காபிக் காய்த்துளைப்பான் நம் நாட்டுப் பூச்சி இல்லை. 1990இல் நீலகிரி கூடலூரில் முதலில் தென்பட்டு மற்ற காபி மலைகளுக்கும் பரவியது. மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளை வாட்டியது. அதை அடக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விட வேண்டியதாயிற்று. ஒரு நாற்றின் வேரில் ஒட்டிய மண் போதும், அடுத்த பூச்சியோ பூஞ்சையோ வந்து இறங்க. அங்கே தோட்டங்களில் நடந்த செருப்பையும் கிளம்பும் முன் தேய்த்துக் கழுவிக் காயவைத்துப் பெட்டியில் போடுங்கள்.

மங்குஸ்தான் நாற்று நீலகிரி பர்லியாறு அரசுத் தோட்டக்கலைப் பண்ணையில் கேட்டுப் பாருங்கள்; அது பழைய மங்குஸ்தான் தோட்டம். ஏற்காட்டின் 1,500 மீட்டர் உச்சிக் குளிர் அதற்கு ஆகாது. 1,000 மீட்டருக்குக் கீழே, ஈரம் காயாத ஓடையோரச் சரிவில், முதல் சில ஆண்டுகள் நல்ல நிழலோடு வையுங்கள். விதைக் கன்று காய்க்க ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். வைக்கும் இடத்தைத் தீர்மானிக்கும் முன் ஏற்காட்டிலேயே உள்ள வேளாண் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணைக் காட்டிக் கேளுங்கள்.